ஓய்விலிருந்து மீண்ட வானூர்திகள்

பாலவனத்தம் வட்டாரத்து உழவர் சலித்துக்கொள்ளும் வறண்ட காற்று, நெடுநாள் நிறுத்திவைக்கும் வானூர்திக்குக் காவலாகும். ஈரம் குறைந்தால் உலோக அரிப்பும் குறையும். எனவேதான் கொரோனாக் காலத்தில் லுப்தான்சா நிறுவனம் ஒதுக்கிய ஈரடுக்கு ஏ380 வானூர்திகளுள் பல, ஸ்பெயினின் வறண்ட தெருவேலில் நின்றன. பின்னர்ப் பயணியர் பெருகினர். புதிய வானூர்திகளோ வரத் தாமதமாயின. ஒதுக்கியவை 2023இல் மீண்டும் பறந்தன; 2024இல் டெல்லிக்கும் வந்தன.

பழையவை என்று அஞ்சுவது பொருந்தாது. வானூர்தியின் தகுதிக்கு அகவையைவிடப் பராமரிப்பே சான்று. ஆயினும், இருக்கைத் தேவை மிகுந்ததென்று சோதனையைச் சுருக்குவது பெருங்குற்றம். நின்றிருந்த நாள்களில் வேகமறியும் குழாயினுள் குளவி கூடு கட்டியிருக்கலாம். வானில் விமானிக்குப் பொய்யான வேகத்தைக் காட்ட அச்சிறு மண்கூடே போதும்.