பிளாஸ்டருக்கு ஒரு சொல் போதாது

‘பிளாஸ்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்லை நிலைப்படுத்த வேண்டும் என்ற கருத்து, கலைச்சொல்லாக்கம் பற்றிய உரையாடல்களில் அவ்வப்போது எழுகிறது. ‘பூச்சு’ என்று வைத்துக்கொண்டால் போதும் என்பார் பலர். போதாது என்பதே என் வாதம்.

அச்சொல் முதலில் சுவருக்கு உரியதன்று, உடலுக்கு உரியது. ‘மேலே அப்புதல்’ என்னும் பொருள்தரும் கிரேக்க வினையிலிருந்து ‘எம்பிளாஸ்ட்ரான்’ தோன்றியது. புண்ணின்மீது இடும் மருந்துப் பற்றையே அது குறித்தது. இலத்தீன் வழியாகப் பழைய ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் அது மருத்துவச் சொல்லாகவே இருந்தது. கட்டடப் பொருள் பின்னர்ப் பிரெஞ்சு வழியாகச் சேர்ந்தது. 1852இல் டச்சு இராணுவ மருத்துவர் மதைசென், ஜிப்சத்தைச் சுட்டெடுத்த மாவைத் துணியில் ஏற்றி எலும்பு முறிவுக்குக் கட்டும் முறையை வெளியிட்டார். சுவர்ப்பொருள் இவ்வாறு மீண்டும் உடலுக்கு வந்தது. நம் மக்கள் அதை ‘மாவுக்கட்டு’ என்றனர். புண்ணில் ஒட்டுவதைப் ‘பிளாஸ்திரி’ என்றனர். இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை.

தமிழிலும் இதே உறவு உண்டு. சங்க நூல்களில் சாந்து என்பது மார்பில் பூசும் சந்தனக் குழம்பு; கொத்தனாரின் கையில் அது செங்கலை இணைக்கும் கலவை. சுண்ணம் நறுமணப் பொடியையும் குறிக்கும், நீற்றையும் குறிக்கும். சுதை என்பதற்கு அமுதம் என்றும் பொருள். கோபுரத்துச் சிற்பங்களும் சுதையே. காரை என்பதோ சுவரில் இறுகி நிற்கும் அடுக்கு. பெயர்ந்து விழுவது அதுதான். பூச்சு இவை எதையும் தனித்துச் சுட்டாது. செயலை மட்டுமே சொல்லும்.

இதைப் பொன்முடியிலிருந்து எழுதுவதால் மலையாளத்தையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. அம்மொழியில் உடலில் எண்ணெய் தேய்ப்பதற்கும் சுவருக்குச் சிமெண்டு பூசுவதற்கும் வினை ஒன்றே: ‘தேக்குக’. சுண்ணாம்புக் கலவைக்குப் பெயர் ‘கும்மாயம்’. இம்மலைத்தொடரைக் கடந்து கிழக்கே இறங்கினால் அம்பாசமுத்திரம். அங்குள்ள வரகுண பாண்டியன் கல்வெட்டில் கும்மாயம் கோயில் படையலுக்குரிய பருப்பு உணவு. செட்டிநாட்டில் இன்றும் உளுந்து மாவில் கிண்டும் இனிப்புக்கு அதே பெயர். உண்பதும் பூசுவதும் குழையக் குழையப் பக்குவப்படுபவை. அந்தக் குழைவை ‘பூச்சு’ என்னும் சொல் உணர்த்தாது.

இது வெறும் அகராதிச் சிக்கலன்று. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 பாகை செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு நீங்கும். நீற்றிப் பூசியபின் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல ஏற்று அது மீண்டும் கல்லாக இறுகும். நுண்துளைகள் கொண்ட அந்தக் காரையின் வழியே சுவரின் ஈரம் வெளியேறும். சிமெண்டுப் பூச்சு அடர்த்தியானது. பழஞ்சுவரின்மேல் அதை ஏற்றினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், செங்கல் பொரியும். இரு பருவமழைகளும் மூடுபனியும் நனைக்கும் இத்தகைய மலைப்பகுதியில் அந்தக் கேடு இன்னும் விரைவாக நேரும். பழுதுபார்ப்பு மதிப்பீட்டில் ‘பூச்சு வேலை’ என்று மட்டும் எழுதினால், சுண்ணாம்பா சிமெண்டா என்ற கேள்வியே எழாமல் போகும். எளிதில் கிடைப்பது சுவரில் ஏறும். திருப்பணி என்ற பெயரில் பழைய கட்டடங்கள் பல சிமெண்டுக்குள் புதைந்ததற்குச் சொல்வறுமையும் ஒரு காரணம் என்பேன்.

ஆகவே கலவைக்குச் சாந்து, இறுகிய அடுக்குக்குக் காரை, உருவ வேலைக்குச் சுதை, செயலுக்குப் பூச்சு, மருந்துக்குப் பற்று, எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு என ஆறையும் பிரித்தே ஆள்வோம். ஆங்கிலம் ஒரு சொல்லில் அடக்கியதைத் தமிழும் அவ்வாறே அடக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆய்வு மாணவர்கள், முதிய கொத்தனார்கள் இருக்கும்போதே கலவை விகிதத்தோடும் பதத்தோடும் அவர்களின் சொற்களைப் பதிவுசெய்ய வேண்டும். உங்கள் ஊரில் வழங்கும் சொற்களைக் கீழே பொருளுடன் குறிப்பிடுங்கள், தொகுக்கலாம்.