லோயர் ஆர்மும் அதன் புஷ்களும்

மீஞ்சூர், பொன்னேரி பக்கங்களிலிருந்து எண்ணூர் மார்க்கமாய் ஜீப், கார்களில் சென்று வரும் நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டிய விஷயமொன்றுண்டு. கன்டெயினர் லாரிகளால் குழிவிழுந்த பாதையில், முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் புஷ் விரைவில் தேய்ந்துபோம். முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறியிறங்கும் இவ்வமைப்பு இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. 1948இல் ஏற்பட்ட அசோக் மோட்டார்ஸார் எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின் ஏ40 காரிலேயே இருந்தது.

பாலியுரீத்தேன் புஷ் நெடுநாள் உழைக்குமென்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் மெய்யே. ஆயினும் அது கடினமாகையால் குழியின் அதிர்ச்சியைச் சேஸிஸுக்கே அனுப்பும். கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும். நம் வேலைக்கு ஒரிஜினல் ரப்பர் புஷ்ஷே உத்தமமென்பது எமது அபிப்பிராயம். அதன்மேல் டீசலோ எண்ணெயோ படலாகாது.

உப்புக்காற்று ஆர்மையே அரித்திருந்தாலும், வளைந்திருந்தாலும் முழு ஆர்மையும் மாற்றுக. நெருப்பிலிட்டு நிமிர்த்தித் தருவோமென்பாரை நம்பலாகாது. பால் ஜாயின்ட் கழன்றால் ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கி உயிருக்கே மோசம் வரும். சில நூறு ரூபாய் மிச்சம் அங்கே எம்மாத்திரம்!

ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, வண்டி தன் சக்கரங்களில் நின்று பாரந்தாங்கும்போதே இறுதியாய் முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்குகையில் முறுக்கினால் புது ரப்பரும் முறுகி நின்று விரைவில் கிழியும். மெக்கானிக்குகள் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லையாதலால், அருகில் நின்று பார்த்துக்கொள்க. பிறகு வீல் அலைன்மென்ட் செய்வித்தே வண்டியை ஊருக்கு ஓட்டுக.