ஏட்டைத் திற! கண்ணை மூடு!

காலை ஒன்பது மணி. இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றிலே, மக்கள் வரிப்பணத்தில் நடைபெறும் தொடக்கப் பள்ளி. ஐந்தும் ஆறும் வயதான பிஞ்சுகள் வரிசையாக வந்து கூடத்தின் தரையில் அமருகின்றன. எதிரே நால்வர் ஐவர் நிற்கின்றனர். ஆசிரியர்கள் அல்லர் அவர்கள். ஒருவர் ஆங்கிலத் திருச்சபை, ஒருவர் மெதடிஸ்டு, மற்றொருவர் பாப்டிஸ்டு. தலையிலே துணியைச் சுற்றிக்கொண்டு, அட்டையாலான கப்பலை இழுத்து வந்து, நோவாவின் கதையை நடித்துக் காட்டுகின்றனர். குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கின்றன. கதை முடிகிறது. குரல் தாழ்கிறது. "கண்களை மூடிக்கொள்ளுங்கள், ஜெபிப்போம்!"

ஊர்ச் சபைகள் ஒன்றுகூடிக் குழு அமைத்துத் தொடக்கப் பள்ளிகளுக்குள் விவிலியக் கதைகளைக் கொண்டு செல்லும் இத்தகைய திட்டங்களில் பெரியது 'ஓப்பன் தி புக்' என்பது. விவிலியச் சங்கம் அதனை நடத்துகிறது. பெயரின் பொருள், ஏட்டைத் திற! நல்ல பெயர்தான். ஏட்டைத் திற என்று யார் சொன்னாலும் நாம் வரவேற்போம். ஆனால், திறந்த மறுகணமே கண்ணை மூடு என்கிறார்களே, அங்கேதான் நமக்கு வழக்கு இருக்கிறது.

வருகிறவர்களை நாம் வசைபாடவில்லை. ஊதியம் பெறாமல், ஓய்வுக் காலத்தில், குழந்தைகளிடம் அன்பு கொண்டு வருகிற முதியோர் பலர் அவர்களில் உண்டு. அவர்களுடைய உள்ளம் தூயது என்றே கொள்வோம். நாம் கேட்பது, வாயிலைத் திறந்துவிட்டவர் யார் என்பதே.

திறந்துவிட்டது சட்டம்! அந்தச் சட்டத்தின் வரலாறோ, படிக்கப் படிக்கச் சுவை தருவது.

இன்று தோளோடு தோள் நின்று கப்பல் இழுக்கும் இந்தச் சபைகள், ஒரு காலத்தில் இதே பள்ளிக்கூடத்தின் பேரால் ஒன்றையொன்று கடித்துக் குதறிய சபைகள். 1870-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பொதுப் பள்ளிகளில் எந்தத் தனிச் சபையின் வினாவிடை வேதபாடமும் கூடாதென்று விலக்கி வைத்தது. ஏன்? பகுத்தறிவுக்கு அஞ்சியா? இல்லை, ஒரு சபை மற்றொரு சபைக்கு அஞ்சி! 1902-இல் பால்ஃபர் அரசு, சபைப் பள்ளிகளுக்கும் ஊர்வரியிலிருந்து பணம் தர வழி செய்தது. கொதித்தெழுந்தனர் பாப்டிஸ்டுகளும் மெதடிஸ்டுகளும். ஜான் கிளிஃபர்டு என்ற பாப்டிஸ்டுத் தலைவர் வரிகொடா இயக்கம் நடத்தினார். வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. சிலர் சிறைக்கே சென்றனர். "என் காசில் உன் வேதமா?" என்பதே அவர்களுடைய முழக்கத்தின் சாரம். அருமையான கேள்வி! அதைத்தான் நாமும் கேட்கிறோம். அன்று அதைக் கேட்டவர்களின் வழித்தோன்றல்கள், இன்று வேதத்தையே நம்பாதவன் வரிப்பணத்தில் கட்டிய கூடத்திற்குள் கைகோத்து நுழைகிறார்கள். பகைவர் நண்பராயினர், மகிழ்ச்சி. நட்பின் விலையைக் கொடுப்பவன் யார்? சபைப் பக்கமே போகாத தொழிலாளியின் மகள்!

1944-இல் பட்லர் கொண்டுவந்த கல்விச் சட்டம், பள்ளிநாள் ஒவ்வொன்றும் கூட்டு வழிபாட்டுடன் தொடங்கவேண்டுமென்று கட்டாயமாக்கியது. ஹிட்லரோடு உயிர்ப்போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். ஏழ்மைப்பட்டுக் கிடந்த சபைப் பள்ளிகளைப் பொதுக் கல்வியோடு பிணைக்க, அரசு சபைகளோடு பேசி முடித்த பேரத்தின் ஒரு பகுதி அது. 1988-இல் அதுவும் போதவில்லை. பிரபுக்கள் அவையிலே காக்ஸ் சீமாட்டி முதலியோர் முழங்கினர். லண்டன் ஆயர் சொல்லைப் பொறுக்கித் தேடினார். முடிவில், வழிபாடு முழுதுமோ பெரும்பாலுமோ பரந்த கிறித்தவத் தன்மை உடையதாக இருக்கவேண்டும் என்று எழுதி வைத்தனர். 1994-இல் கல்வித்துறை அனுப்பிய சுற்றறிக்கை, ஏசுவுக்குத் தனிநிலை தரப்படவேண்டும் என்று விளக்கம் வேறு சொன்னது. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 70-ஆம் பிரிவாக அந்தக் கட்டாயம் மறுபடி எழுதப்பட்டது.

பரந்த கிறித்தவம்! அகலமான கதவு, ஆனால் ஒரே வீட்டுக்குள் போகிற கதவு.

நாட்டு நிலையைப் பார்ப்போம். 2021-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்சிலும் தம்மைக் கிறித்தவர் என்றோர் நூற்றுக்கு 46.2, மதமே இல்லை என்றோர் 37.2. பத்தாண்டுக்கு முன் அவை 59.3, 25.2. ஆங்கிலத் திருச்சபையில் வாரந்தோறும் தொழ வருவோர் 10 இலட்சம்கூட இல்லை. பெற்றோர் வருவதில்லை, பெரியவர் வருவதில்லை. வரமாட்டேன் என்று சொல்ல வாயில்லாதவர் யார்? ஐந்து வயதுக் குழந்தை! காலியான ஆலயத்துக்கு ஆள் தேடுவோர் கண்ணுக்கு, நிறைந்திருக்கும் பள்ளிக்கூடம் தெரியாமற் போகுமா?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சட்டமோ நாள்தோறும் வழிபாடு என்கிறது. தலைமையாசிரியரோ நம்பாதவராக இருக்கலாம். வழிபாட்டை நடத்த மறுக்க ஆசிரியருக்கு உரிமையும் உண்டு. அப்போது, உடையும் கதையும் பாட்டும் ஆயத்தமாகக் கொண்டுவந்து, "நாங்கள் நடத்தித் தருகிறோம், செலவும் இல்லை" என்று ஊர்ச் சபைகள் வாயிலில் நின்றால், எந்தத் தலைமையாசிரியர் மறுப்பார்? ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு அந்த மனிதரின் சங்கடம் நன்றாகப் புரிகிறது. ஆய்வாளர் வருகைப் பட்டியலில் ஒரு கட்டம் நிரம்பினால் போதுமென்று பெருமூச்சு விடும் இனம் உலகெங்கும் ஒன்றுதான்!

"விருப்பமில்லாதவர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாமே! சட்டம் இடம் தருகிறதே!" என்பார்கள். தருகிறது. ஆனால் நடப்பது என்ன? முந்நூறு குழந்தைகள் கூடத்தில் சிரித்துக்கொண்டிருக்க, ஒரு குழந்தை மட்டும் நூலக மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும். "நீ ஏன் வரவில்லை?" என்று தோழி கேட்பாள். ஆறு வயதில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, எண்பது வயது ரஸ்ஸலின் நெஞ்சுரம் வேண்டும். ஆகவே பெற்றோர் பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பிவிடுகின்றனர். உரிமை ஏட்டில் இருக்கிறது. குழந்தை கூடத்தில் இருக்கிறது.

வட அயர்லாந்திலே சட்டம் வேறு. வழக்கு இதே வழக்கு. பெல்ஃபாஸ்டு நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் படித்த சிறுமி, வீட்டில் சிற்றுண்டியைத் தொடுமுன் ஆண்டவனுக்கு நன்றி சொல்லத் தொடங்கினாள். பெற்றோரோ மதநம்பிக்கை இல்லாதவர்கள். அவர்கள் மன்றமேறினர். 2022-இல் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2024-இல் மேல்முறையீட்டு மன்றம், விலக்கிக்கொள்ளும் உரிமைதான் இருக்கிறதே என்று திருப்பிவிட்டது. 2025-இல் ஐக்கிய நாட்டு உச்சநீதிமன்றம், அந்த உரிமை போதாது, அது பெற்றோர்மீது தகாத சுமையை ஏற்றுகிறது என்று கண்டு, பெற்றோர் கட்சியையே ஏற்றது. மூலையில் உட்கார வைக்கப்படும் குழந்தையை, கடைசியில் நீதிபதிகளும் கண்டுகொண்டனர்!

"விவிலியம் தெரியாமல் ஷேக்ஸ்பியர் புரியுமா, மில்டன் புரியுமா?" என்று கேட்கும் புலவர்களும் உண்டு. புரியாது. கற்பிக்கட்டும்! நோவாவின் கதையையும், அதுபோன்ற பெருவெள்ளக் கதை பாபிலோனியக் களிமண் ஏடுகளில் அதற்கு முன்பே இருந்ததையும் சேர்த்துக் கற்பிக்கட்டும். வகுப்பறையில் சொன்னால் குழந்தை கை தூக்கிக் கேட்கும்: "அத்தனை விலங்கும் ஒரு கப்பலில் எப்படி ஐயா?" என்று. ஜெபத்தின் நடுவே எந்தக் குழந்தை கை தூக்கும்? நாலும் மூன்றும் ஏழு என்று சொல்லும் அதே பள்ளி, அதே கூடத்தில், ஆண்டவன் வெள்ளத்தை அனுப்பினான் என்றும் சொன்னால், பிஞ்சு நெஞ்சம் இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டி வைத்துக்கொள்ளும்.

"கிறித்தவர் என்றதும் பாய்கிறீர்களே, இந்த மண்ணிலே, தெருவில் நடக்கவும் விடாமல் விரட்டப்பட்டவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்தவர்கள் பாதிரிமார் அல்லவா?" என்று தோழர் ஒருவர் நம்மிடம் கேட்டார். ஆம், தோழரே! மறக்கவில்லை, மறந்தால் நன்றி கொன்றவராவோம். சாத்திரம் காதில் ஈயம் ஊற்றச் சொன்னவனுக்கு அரிச்சுவடி கொடுத்த கை, வணக்கத்துக்குரிய கை. ஆனால் வணங்குவது அரிச்சுவடிக்கு. அதோடு சேர்த்து நீட்டப்பட்ட ஜெபப் புத்தகத்துக்கு அல்ல.

நம் வீட்டு முற்றத்தையும் விடப்போவதில்லை. இந்திய அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாதென்கிறது. உதவிபெறும் பள்ளியிலும், பெற்றோர் இசைவின்றிப் பிள்ளையை வழிபாட்டில் உட்காரவைக்கக் கூடாதென்கிறது. இங்கிலாந்திலே வேண்டாம் என்பவன் கடிதம் எழுதவேண்டும். இங்கே வேண்டும் என்பவன் எழுதவேண்டும். நம் ஏடு அவர்கள் ஏட்டைவிட நல்ல ஏடு. நடப்பு? மத்திய அரசின் கேந்திரிய வித்தியாலயங்களில் கைகூப்பிக் கண்மூடிச் சொல்லப்படும் காலை வழிபாட்டை எதிர்த்து 2017-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. 2019-இல் அதனைப் பெரிய ஆயத்தின் முன் வைக்கவேண்டுமென்று நீதிபதிகள் அனுப்பிவைத்தனர். அரசுப் பள்ளியில் ஆயுத பூசைக்குச் சந்தனம் கரைக்கும் நம் ஆசிரியத் தோழர்களும் 28-ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

இங்கிலாந்தின் கட்டாயத்தை நீக்குமாறு 2016-இலேயே ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைக் குழு பரிந்துரைத்தது. 2021-இல் பிரபுக்கள் அவையின் பெண் உறுப்பினர் ஒருவர், சபைகளைச் சேராத பள்ளிகளில் வழிபாட்டுக்குப் பதிலாக எல்லாக் குழந்தைகளும் கலந்துகொள்ளத்தக்க பொதுக்கூடல் நடத்தலாம் என்று தனி மசோதா கொண்டுவந்தார். மதத்தைப் பழிக்கும் சொல் ஒன்றும் அதில் இல்லை. கூடம் இருக்கும், பாட்டு இருக்கும், கதையும் இருக்கலாம். கண்ணை மூடச் சொல்லும் கட்டாயம் மட்டும் இராது. திருச்சபையின் ஆயர்கள் 26 பேருக்குப் பதவியாலேயே இருக்கை ஒதுக்கியிருக்கும் நாடாளுமன்றம் அது. மசோதா சட்டமாகாமலே போயிற்று.