எல்லை சொல்லிக் கேளுங்கள்



சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுமக்கள் கைக்கு வந்தது. அதன் பின் ஜெமினி, கிளாட் என்று வரிசையாக வந்து, இன்று மனு எழுதவும் கடிதம் திருத்தவும் பலரும் ஏஐயைத்தான் நாடுகிறோம். கூடவே ஒரு குறையும் காதில் விழுகிறது: “எதைக் கேட்டாலும் வளவளவென்று எழுதித் தருகிறது. எனக்கு வேண்டியது மட்டும் அதில் இல்லை.”

இதற்கு மருந்து நம்மிடமே இருக்கிறது. என்ன வேண்டும் என்பதோடு, எவ்வளவு வேண்டும், எது வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகிய இந்தச் செயலிகள், அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்தபடியே பதிலைக் கோத்துக்கொண்டு போகின்றன. பொத்தாம்பொதுவாகக் கேட்டால் வழக்கமான பாதையில் போய், எல்லோருக்கும் கொஞ்சம் பொருந்துகிற பதிலோடு நின்றுவிடும். நாம் சொல்லும் ஒவ்வொரு எல்லையும் ஒரு தேவையற்ற வழியை அடைக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்கள் தெருவில் போட்ட சாலை சில மாதங்களிலேயே பெயர்ந்துவிட்டது. “சாலை பற்றி ஆர்டிஐ மனு எழுதிக் கொடு” என்று மட்டும் கேட்டால், மக்கள் படும் அவதி ஒரு பத்தி, ஜனநாயகத்தின் மாண்பு ஒரு பத்தி, கடைசியில் “ஏன் தரமற்ற சாலை போட்டீர்கள்?” என்ற கேள்வி என்று வரக்கூடும். படிக்க ஆவேசமாக இருக்கும். பதில் வாங்கித் தராது. ஆர்டிஐ எனப்படும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 நமக்குத் தருவது அலுவலகத்தின் வசமுள்ள தகவலைப் பெறும் உரிமை. கோப்பில் இல்லாத விளக்கத்தைக் கேட்டால் அதைத் தள்ளிவிட இடமுண்டு.

அதையே இப்படிக் கேளுங்கள்:

“எங்கள் தெருச் சாலைப் பணி பற்றி, பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(1)இன் கீழ் மனு. ஒரு பக்கத்துக்குள். நான்கு கேள்விகள் மட்டும். ஒவ்வொன்றும் கோப்பில் இருக்கக்கூடிய ஓர் ஆவணத்தைக் கேட்க வேண்டும். ‘ஏன்’ என்ற கேள்வி வேண்டாம். புகாரும் அறிவுரையும் வேண்டாம். நான் தராத தேதி, தொகை, சட்டப் பிரிவு எதையும் சேர்க்காதே. தெரியாத இடத்தில் கோடு போட்டு விடு.”

இப்போது வரும் மனுவில் மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்ததாரருக்குத் தந்த தொகைக்கான பட்டியல் என்று நேரடியான கேள்விகள் இருக்கும். மத்திய அரசு அலுவலகங்களுக்கான 2012ஆம் ஆண்டு ஆர்டிஐ விதிகளும், மனு சாதாரணமாக 500 சொற்களைத் தாண்டக் கூடாது என்றே சொல்கின்றன. பதில் தர அலுவலருக்குச் சட்டம் தரும் கெடு 30 நாள். சுற்றிவளைக்காமல் கேட்டால்தான் அந்தக் கெடு நமக்குப் பயன்படும்.

அந்தக் கட்டளையின் கடைசி வரியை எப்போதும் கைவிடாதீர்கள். தெரியாததையும் தெரிந்ததுபோல் எழுதிவிடுவது இந்தச் செயலிகளின் பெரிய பலவீனம். இல்லாத சட்டப் பிரிவைக்கூட அழகாக எழுதித் தந்துவிடும். “தெரியாவிட்டால் விட்டுவிடு” என்று அனுமதி கொடுத்தால் அந்த ஆபத்து குறைகிறது, அடியோடு போய்விடாது. சரிபார்ப்பது நம் பொறுப்பு.

எல்லைகள் ஒன்றோடொன்று மோதவும் கூடாது. “சுருக்கமாகவும் வேண்டும், எதையும் விடவும் கூடாது” என்றால் இரண்டும் கெடும். சொற்களைத் துல்லியமாக எண்ணுவதில் செயலிகள் தடுமாறுவதால், “150 சொற்கள்” என்பதைவிட “இரண்டு பத்தி”, “நான்கு கேள்வி” என்பது நன்றாக வேலை செய்யும். நமக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டிய எல்லையும் ஒன்று உண்டு: ஆதார் எண், கைபேசி எண், வீட்டு முகவரி எதையும் அங்கே தட்டச்சு செய்ய வேண்டாம். மனுவை அச்செடுத்த பின் கையால் நிரப்பிக்கொள்ளலாம்.

எல்லை வகுக்க உட்காரும்போதுதான், நமக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது நமக்கே தெளிவாகிறது. யாருக்கு எழுதுகிறோம், அவரிடமிருந்து எதைப் பெறப்போகிறோம், எதைச் சொல்லாமல் விடலாம் என்று முடிவு செய்வது சிந்தனை. அதை எந்தச் செயலியிடமும் ஒப்படைக்க முடியாது. அந்த வேலையை நாம் செய்துவிட்டால், எழுதும் வேலையில் ஏஐ நல்ல துணை.

இந்த வாரம் ஒரு முறை முயன்று பாருங்கள். முதலில் கேட்ட விதம், எல்லை சொல்லிக் கேட்ட விதம், இரண்டுக்கும் வந்த பதில்கள் ஆகியவற்றை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். மற்ற வாசகர்களுக்கும் உதவக்கூடியவற்றை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்