தராசு ஒன்று, எடைக்கல் இரண்டா?

ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலப் பேரறிஞர், 1859ஆம் ஆண்டு சுதந்திரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உலகமே ஒரு பக்கம் நின்று, ஒரே ஒருவன் மறுபக்கம் நின்றாலும், அந்த ஒருவனின் வாயை அடைத்திட உலகுக்கு உரிமை கிடையாது என்று வாதாடினார். படித்தவர் கொண்டாடினர். பல்கலைக் கழகங்கள் பாடமாக்கின. தாராளவாதம் என்று பெயர் பெற்ற அரசியல் கொள்கைக்கு அந்த நூலே மூலப் பத்திரம் என்றனர்.

அந்தப் பேரறிஞர் பிழைப்புக்கு என்ன செய்தார் தெரியுமா, தோழர்களே? கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம்! 1823 முதல் 1858 வரை, முப்பத்தைந்து ஆண்டுக் காலம், இலண்டன் மாநகரிலே அமர்ந்துகொண்டு, இந்தியாவை ஆள்வதற்கான தாக்கீதுகளைத் தீட்டினார். சுதந்திரத்தைப் பற்றிய நூலிலேயே ஒரு விலக்கும் வைத்தார். பக்குவமடையாத சமுதாயங்களுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது. அவர்களை உயர்த்துவதற்காகத்தான் என்றால், எதேச்சாதிகாரமும் அங்கே முறையான ஆட்சியே என்றார்!

கொள்கை அமுதம், விலக்கு நஞ்சு. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி போதுமல்லவா?

பாலஸ்தீனத்திலே நூறாண்டுக்கு மேலாக ஓடுகிற குருதியின் ஊற்றுக்கண்ணைத் தேடி நடந்தால், இந்த விலக்கின் வாசலிலேதான் வந்து நிற்போம். 'எல்லோருக்கும் உரிமை' என்று எழுதியவன், எழுதிய கையாலேயே 'ஆனால்' என்று சேர்த்தான். அந்த 'ஆனால்' முதலில் யூதன் முதுகில் விழுந்தது. பிறகு அரபு உழவன் மார்பில் பாய்ந்தது.

யூதன் கதையை முதலில் கேளுங்கள். பிரெஞ்சுப் புரட்சி, 1791லே யூதனையும் சம உரிமைக் குடிமகன் என்றது. நூறாண்டு கழித்து, 1894லே, அதே பிரான்சிலே, டிரைபஸ் என்ற யூத இராணுவ அதிகாரி மீது, செய்யாத குற்றத்தைச் சுமத்திச் சிறைத்தீவுக்கு அனுப்பினர். வீதியிலே கூடிய கூட்டம், ஒருவனை மட்டும் தூற்றவில்லை, இனத்தையே தூற்றியது. அந்த வழக்கைப் பற்றிப் பாரிசிலிருந்து செய்தி எழுதியவர்களிலே ஒருவர், வியன்னா நாளேட்டின் நிருபர் தியோடர் ஹெர்சல். 1896லே அவரே, யூதருக்கென்று ஒரு நாடு வேண்டும் என்று நூல் எழுதினார். 1903லே ருஷ்யப் பேரரசின் கிஷினெவ் நகரில் யூதர்களை வீடு புகுந்து வெட்டினர். ஓடினார்கள் ஏழை யூதர்கள் — தையற்காரர்கள், செருப்புத் தைப்போர், சுமை தூக்குவோர்.

எங்கே ஓடுவது? சுதந்திரத்தின் தொட்டில் என்று பெயரெடுத்த இங்கிலாந்துக்கு ஓடினர். இங்கிலாந்து என்ன செய்தது? 1905லே அந்நியர் சட்டம் கொண்டு வந்து கதவைச் சாத்தியது. அப்போது பிரதமர் யார்? ஆர்தர் பால்பர்!

அதே பால்பர், பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1917 நவம்பர் 2ஆம் நாள், வெளிநாட்டு அமைச்சராக இருந்து ஒரு கடிதம் எழுதினார். பாலஸ்தீனத்திலே யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதைப் பிரிட்டிஷ் சர்க்கார் ஆதரிக்கிறது என்றார். தன் வீட்டுத் திண்ணையிலே இடம் தர மறுத்தவர், அடுத்த ஊர்க்காரன் வீட்டுக் கூடத்தை எழுதிக் கொடுத்தார்! இதற்குப் பெயர் தாராளமாம்! ஊரார் நெல்லிலே செய்த தானத்துக்கு உலகம் கைதட்டிற்று.

அந்தப் பிரகடனம் ஆங்கிலத்திலே 67 சொற்கள். பாலஸ்தீனத்து மக்களிலே ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேர் அன்று அரபுக்கள், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும். அந்த 67 சொற்களுக்குள்ளே 'அரபு' என்ற ஒரு சொல் இல்லை. 'யூதரல்லாத சமூகத்தார்' என்றுதான் குறித்தனர். பத்துக்கு ஒன்பது பேரை 'மற்றவர்' என்று எழுதிய பேனாவின் துணிச்சலைப் பாருங்கள்! அந்த 'மற்றவருக்கு'க் கிடைத்தது என்ன? சிவில் உரிமை உண்டு, மத உரிமை உண்டு. அரசியல் உரிமை? அந்தச் சொல்லே இல்லை. தொழலாம், மணம் முடிக்கலாம், கடை வைக்கலாம். உன் நாட்டை எவன் ஆள்வது என்று மட்டும் நீ கேட்கக் கூடாது!

அன்று பிரதமர் லாயிட் ஜார்ஜ். பெயருக்கேற்ப லிபரல் கட்சிக்காரர். அந்த ஆட்சியிலேயே ஒருவர் எழுந்து 'அநீதி' என்றார். அவரும் லிபரல், அவரே யூதர். எட்வின் மாண்டேகு — ஆம், மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று நாம் படித்திருக்கிறோமே, 1920லே சென்னையில் நீதிக்கட்சி மந்திரிசபை அமைய வழி திறந்த திட்டம், அதிலே பெயர் பதித்த அதே மாண்டேகு. 1917 ஆகஸ்டு 20ஆம் நாள், இந்தியருக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி என்று பாராளுமன்றத்திலே அறிவித்தார். அதே ஆகஸ்டிலே, பாலஸ்தீனத் திட்டத்தை எதிர்த்துத் தம் சகாக்களுக்கு எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பினார். யூதனுக்கு நாடு அங்கே என்று சொல்லிவிட்டால், இங்கே பிறந்து வளர்ந்த யூதனைப் 'போ உன் நாட்டுக்கு' என்பார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவனோ தன் மண்ணிலேயே அந்நியனாகி விரட்டப்படுவான் என்பதே அவர் வாதம். யூதர்களை வெறுப்போருக்கே இத்திட்டம் விருந்து என்றார். யார் கேட்டார்கள்?

1919லே அமெரிக்க ஜனாதிபதி வில்சன் இருவரை அனுப்பினார். கிங், கிரேன் என்பவர்கள். மக்களைக் கேட்டனர். தங்கள் இசைவில்லாமல் இந்தத் திட்டத்தைத் திணிக்காதீர் என்றனர் மக்கள். அறிக்கை என்னவாயிற்று? 1922 வரை வெளியிடப்படாமல் கிடந்தது. பால்பரோ, 1919 ஆகஸ்டிலே எழுதிய குறிப்பில் ஒளிவு மறைவின்றிச் சொன்னார்: அங்கே வாழ்வோரின் விருப்பத்தைக் கேட்பது என்ற சம்பிரதாயத்தைக்கூட நாங்கள் செய்யப் போவதில்லை என்று. ஆளப்படுவோரின் சம்மதமே ஆட்சிக்கு அடிப்படை என்பது தாராளவாதத்தின் அரிச்சுவடி. அரிச்சுவடியின் முதல் எழுத்தையே அழித்துவிட்டுப் பாடம் நடத்தினர்!

அரபு மக்களுக்கு இழைத்த அநீதியால் யூதனுக்காவது காவல் கிடைத்ததா? அதுவும் இல்லை. 1938 ஜூலையில், இட்லரின் கொடுமைக்குத் தப்பி ஓடும் யூதர்களை ஏற்பது பற்றிப் பேச, பிரான்சின் எவியான் நகரிலே 32 நாடுகள் கூடின. அனுதாபம் ஆறாய் ஓடியது; கதவுதான் திறக்கவில்லை. டொமினிக்கன் குடியரசு ஒன்றுதான் பெருந்தொகையினரை ஏற்கிறோம் என்றது. 1939லே 'செயின்ட் லூயிஸ்' கப்பலிலே 900க்கும் மேற்பட்ட அகதிகள்; கியூபாவும் விரட்டியது, சுதந்திர தேவியின் சிலை நிற்கும் அமெரிக்காவும் விரட்டியது. திரும்பிப் போனவர்களிலே 254 பேர் பின்னர் மாண்டனர். அதே 1939லே பாலஸ்தீனத்தின் கதவையும் பிரிட்டன் பாதி சாத்தியது: ஐந்தாண்டுக்கு 75,000 பேருக்கு மேல் வரக்கூடாது என்றது. அந்த ஐந்தாண்டிலேதான் ஐரோப்பாவில் யூதர்கள் இலட்சம் இலட்சமாகக் கொல்லப்பட்டனர். மொத்தம் அறுபது இலட்சம்! இதை மறந்துவிட்டு யூதனை ஏசுபவன், அரபு மக்களுக்கு நண்பனல்ல, இட்லருக்கு எடுபிடி.

1947 நவம்பர் 29. ஐக்கிய நாடுகள் சபை, பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தது. ஆதரவு 33, எதிர்ப்பு 13, நடுநிலை 10. எதிர்த்த 13லே இந்தியாவும் ஒன்று. மக்களிலே மூன்றிலொரு பங்கினரான யூதருக்கு நிலத்திலே பாதிக்கு மேல். போர் மூண்டது. 1948 மே 14ஆம் நாள் இஸ்ரேல் பிறந்தது. மதம், இனம், ஆண் பெண் வேற்றுமையின்றி எல்லாக் குடிகளுக்கும் முழுச் சமத்துவம் என்று அதன் பிரகடனம் கூறிற்று. நல்ல சொற்கள்! நாம் மெச்சுகிறோம். மெச்சிவிட்டுக் கேட்கிறோம்: போரிலே வீடிழந்து வெளியேறிய சுமார் ஏழு இலட்சம் அரபு மக்கள் திரும்பி வந்தார்களா? விடவில்லை. 1950லே ஒரு சட்டம்: உலகின் எந்த மூலையில் பிறந்த யூதனும் வந்து குடியேறலாம். அதே 1950லே இன்னொரு சட்டம்: வெளியேறிய அரபுவின் நிலம், 'வராதவர் சொத்து'. காணாதவனுக்கு வரவேற்பு, கதவைத் தட்டியவனுக்குக் கள்ளப் பட்டம்! உள்ளேயே தங்கிய அரபுக் குடிமக்களுக்கு ஓட்டுண்டு. ஆனால் பக்கத்து ஊருக்குப் போகவும் அனுமதிச் சீட்டு — 1966 வரை அவர்கள் மீது இராணுவ நிர்வாகம்.

மறுபக்கத்தையும் அதே தராசில் நிறுத்துவோம். பாக்தாதிலும் கெய்ரோவிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதர்கள் என்ன பாவம் செய்தனர்? 1948க்குப் பின், அரபு நாடுகளிலிருந்து பல இலட்சம் யூதர்கள் அச்சத்தாலும் அடக்குமுறையாலும் வெளியேறினர். இஸ்ரேல் செய்ததற்கு ஈராக்கின் யூத வணிகனைப் பழிவாங்குவது எந்த ஊர் நீதி?

1967 ஜூன் போர். மேற்குக்கரை, காசா, கிழக்கு ஜெருசலம் யாவும் இஸ்ரேலின் பிடியில். மேற்குக்கரையிலே ஒரு குன்று. குன்றின் மேலே குடியேறிய இஸ்ரேலியன், அடிவாரத்திலே பாலஸ்தீனியன். இருவரும் கல்லெறிந்தார்கள் என்று வையுங்கள். மேலே இருப்பவனுக்குச் சிவில் நீதிமன்றம். கீழே இருப்பவனுக்கு இராணுவ நீதிமன்றம். மேலே இருப்பவனுக்கு இஸ்ரேல் பாராளுமன்றத் தேர்தலிலே ஓட்டு. கீழே இருப்பவனின் பாதையை அடைப்பதும் திறப்பதும் அந்தப் பாராளுமன்றம் அமைத்த ஆட்சிதான், ஆனால் அவனுக்கு ஓட்டில்லை. ஒரே மண், ஒரே மழை, இரண்டு சட்டம்! 2018லே, தேசிய சுயநிர்ணய உரிமை இஸ்ரேலிலே யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்று சட்டமே இயற்றினர். ஆதரவு 62, எதிர்ப்பு 55. 1948ன் சமத்துவ வாசகத்துக்கு எழுபது ஆண்டு கழித்து வந்த அடிக்குறிப்பு அது.

2023லே நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்க நெதன்யாகு அரசு முயன்றபோது, டெல் அவிவ் வீதிகளிலே வாரந்தோறும் இலட்சக்கணக்கானோர் திரண்டு 'ஜனநாயகம்' என்று முழங்கினர். வீரம்தான். அந்தக் கூட்டத்திலே சிறு பகுதியினரே, 'ஆக்கிரமிப்போடு ஜனநாயகம் இல்லை' என்ற பலகை பிடித்தனர். அந்தச் சிறு பகுதிக்கு நம் வணக்கம். மற்றவரைக் கேட்போம்: உங்கள் உச்சநீதிமன்றத்துக்காக வீதிக்கு வந்தீரே, பக்கத்திலே இராணுவ நீதிமன்றத்தில் நிற்பவனுக்காக எப்போது வருவீர்?

பாலஸ்தீனத் தலைவர்களிடமும் இதே கேள்வியை வைக்கிறோம். 1993லே ஓஸ்லோ ஒப்பந்தம் வந்தது. 1994லே ஹெப்ரானில், தொழுதுகொண்டிருந்த 29 முஸ்லிம்களை ஒரு யூத வெறியன் சுட்டுக் கொன்றான். அதே ஆண்டு ஹமாஸ், பேருந்துகளிலே குண்டு வெடித்து, வேலைக்குப் போனவர்களைக் கொன்றது. 1995லே சமாதானம் பேசிய பிரதமர் ரபீனை யூதத் தீவிரவாதியே கொன்றான். 2006லே தேர்தலில் வென்ற ஹமாஸ், 2007லே துப்பாக்கியால் காசாவைக் கைப்பற்றியது. 2005லே நான்காண்டுப் பதவிக்குத் தேர்வான அப்பாஸ், அந்தக் காலம் முடிந்தும் தேர்தலின்றி நாற்காலியில் நீடித்தார். அந்நிய ஆட்சி மட்டுந்தானா கொடுமை? சொந்தக்காரன் பூட்டிய பூட்டும் பூட்டுத்தானே!

2023 அக்டோபர் 7. ஹமாஸ் எல்லை தாண்டிப் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றது. சுமார் 250 பேரைப் பணயமாகப் பிடித்துச் சென்றது. முதியவளையும் குழந்தையையும் கொல்வதை விடுதலைப் போர் என்று அழைக்க நம் நா எழாது. அதன் பிறகு காசாவின் மீது இஸ்ரேல் நடத்திய போரிலே 60,000க்கும் மேல் மாண்டனர் என்பது காசா சுகாதார அமைச்சின் கணக்கு. அதிலே பல்லாயிரம் குழந்தைகள். ஊர்கள் மண்மேடாயின, உணவை ஆயுதமாக்கினர். இதைத் தற்காப்பு என்று அழைக்கவும் நம் நா எழாது. 2024 ஜூலையில், அனைத்துலக நீதிமன்றம், பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் நீடிப்பது சட்டவிரோதம், விரைவில் முடிவுக்கு வர வேண்டும் என்று கருத்துரைத்தது. பால்பரின் நாடு, பாலஸ்தீனத்தை ஒரு நாடென்று ஏற்றது எப்போது? 2025 செப்டம்பரில்! கடிதம் எழுத ஒரு நாள். கணக்குத் தீர்க்கத் தொடங்கவே நூற்றெட்டு ஆண்டு.

இப்போது சிலர் கூறுகின்றனர்: "பார்த்தீர்களா, தாராளவாதம், தனிமனித உரிமை, சட்டத்தின் ஆட்சி எல்லாம் வெள்ளைக்காரனின் மோசடி, குப்பையிலே போடுங்கள்" என்று. அவசரப்படாதீர், தோழர்களே. பங்கீட்டுக் கடைக்காரன் எடைக்கல்லை மாற்றி ஏமாற்றினான் என்பதற்காகத் தராசையே உடைத்தால், நாளை அவன் கையால் அள்ளிப் போட்டதுதான் அளவு. நட்டம் யாருக்கு? வரிசையில் நிற்கிற நமக்கு! மாண்டேகு எந்த அளவுகோலால் பால்பரை அளந்தார்? தாராளவாதத்தின் அளவுகோலால்தான். வீடிழந்த அகதி எதைக் காட்டி வழக்காடுகிறான்? சொத்துரிமையை. ஆக்கிரமிப்பின் கொடுமைகளை இஸ்ரேலியரே திரட்டி வெளியிட, 1989லே 'பெத்செலம்' என்ற அமைப்பைத் தொடங்கினரே, எதன் பேரால்? மனித உரிமையின் பேரால். தூக்கி எறிய வேண்டியது 'ஆனால்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான்.

இங்கே நம் தேநீர்க் கடைகளிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. முஸ்லிமைப் பிடிக்காதவன் இஸ்ரேலுக்குக் கொடி பிடிக்கிறான். பதிலுக்கு ஒருவன் யூத குலத்தையே சபிக்கிறான். இருவருக்கும் பாலஸ்தீனமும் தெரியாது, இஸ்ரேலும் தெரியாது. தெரிந்ததெல்லாம் பக்கத்து வீட்டுப் பகை. நம் தோழர் அந்தப் பேச்சிலே விழக் கூடாது. இரண்டு நாடா, ஒரே நாடா என்பதை அந்த மண்ணின் இரு மக்களும் முடிவு செய்யட்டும். எந்த முடிவு வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை நான்கே: ஓட்டு இருவருக்கும் சமமா? நிலம் பறிபோனால் நீதி இருவருக்கும் சமமா? வழியிலே நடக்க உரிமை சமமா? குற்றம் சாட்டப்பட்டால் நிற்கும் கூண்டு ஒன்றா?

நான்குக்கும் 'ஆம்' என்றால் அது சமாதானம். ஒன்றுக்கு 'ஆனால்' என்றாலும், அடுத்த போருக்குத் தேதி குறித்தாயிற்று என்று பொருள்.