சொல்தா புழுவும் என் அக்காவும்

புதுச்சேரிக்காரர்களுக்குச் 'சொல்தா' என்றால் விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிறவர். நான் இன்று எழுதுவது வேறொரு சொல்தாவைப் பற்றி. அது ஒரு புழு.

விலங்கியல் படிக்கும் என் பேத்தி போன மாதம் கோஸ் இலை தின்னும் பச்சைப் புழுவின் படத்தைக் காட்டி, "தாத்தா, இதுக்குள்ளே ரெண்டாயிரம் குளவி இருக்கு" என்றாள். நான் நம்பவில்லை. பிறகு தேடிப் படித்தேன். உண்மைதான்.

கோபிடோசோமா என்று ஓர் ஒட்டுண்ணிக் குளவி. நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். கோஸ் புழு பொரித்து வளர வளர, உள்ளே குளவியின் ஒற்றை முட்டை பிரிந்து பிரிந்து ஆயிரம், இரண்டாயிரம் கருக்களாகும். ஒரே மாங்கொட்டையில் இரண்டு மூன்று கன்றுகள் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதுபோல. கடைசியில் அவை கோஸ் புழுவை உள்ளிருந்தே தின்று தீர்த்துக் குளவிகளாக வெளியே வரும். ஒட்டுண்ணிக் குளவிகளில் இப்படி நடப்பதை 1898-ல் கண்டு சொன்னவர் போல் மர்ஷால் என்ற பிரெஞ்சுக்காரர். எங்கள் பள்ளியில் ஃபாப்ர் எழுதிய பூச்சிக் கட்டுரைகளை வாசிக்க வைத்தார்கள். மர்ஷாலைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

எல்லாக் கருவும் குளவியாவதில்லை. சில மட்டும் முன்னதாகவே வளர்ந்து, ஒல்லி உடம்பும் கடிக்கும் தாடையுமாகக் காவலுக்கு நிற்கும். இவைதான் சொல்தாக்கள். வேறு ஒட்டுண்ணி உள்ளே வந்தால் கடித்துக் கொல்லும். தாய் ஓர் ஆண் முட்டையும் ஒரு பெண் முட்டையும் வைத்திருந்தால், பெண் சொல்தாக்கள் கூடப் பிறந்த ஆண்களிலேயே பெரும்பாலானவற்றைக் கொன்று, சகோதரிகளுக்குச் சாப்பாட்டை மிச்சப்படுத்தும். மற்றவை வளர்ந்து இறக்கை முளைத்துப் போகும். சொல்தாக்கள் உள்ளேயே செத்துவிடும்.

கடற்கரையில் காலை நடையின்போது இதை நண்பரிடம் சொன்னேன். அவர் உடனே, "பார்த்தீரா, குடும்பத்துக்கு ஒருத்தர் தியாகம் செய்யணும்னு இயற்கையே வெச்சிருக்கு. உம்ம அக்கா மாதிரி" என்றார்.

அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனப்பெருக்கத்துக்கு மூலமான அணு எந்தக் கருவுக்குப் போய்ச் சேரவில்லையோ அது சொல்தா ஆகிறது. அதற்கு வேறு வழி கிடையாது. அது காப்பாற்றும் சகோதரிகள் அதே முட்டையிலிருந்து வந்த அதன் அச்சு அசல் நகல்கள். அது செத்தாலும் அதன் நகல் பிழைக்கிறது. என் அக்கா என் நகல் இல்லை. அவள் வாழாமல் விட்டதை நான் அவளுக்காக வாழ்ந்துவிட முடியாது. அதோடு, சொல்தா அண்ணன் தம்பியைக் கொல்வதை யாராவது குடும்பத்துக்கு உபதேசமாகச் சொல்கிறோமா? நமக்குச் சௌகரியமான பாதியை மட்டும் இயற்கை என்கிறோம்.

அக்கா செர்த்திபிகா பாஸ் செய்தவள். ப்ரவே எழுத ஆசைப்பட்டாள். அப்பா தவறியதும் அவளைத் தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்தோம். அந்தப் பணத்தில் நான் படித்து எழுத்தராக உத்தியோகத்தில் அமர்ந்தேன். அவளுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டு விசேஷங்களில் அவளைத் தியாகி என்று புகழ்ந்துவருகிறோம்.

அன்று வீட்டுக்கு வந்து, "அக்கா, உனக்குச் சம்மதமாத்தான் இருந்ததா?" என்று கேட்டேன். முறத்திலிருந்த அரிசியிலிருந்து கண்ணெடுக்காமல், "என்னை யாருடா கேட்டீங்க?" என்றாள். எண்பத்து நாலு வயது. குரலில் கோபம்கூட இல்லை.

வேண்டாம் என்று சொல்ல முடிந்தவர் சரி என்று சொன்னால்தான் அது தியாகம். கேட்காமலே வாங்கிக்கொண்டது கடன். அப்பா கட்டிய வீடு என் பெயரில் இருக்கிறது. பாதியை அக்கா பெயருக்கு மாற்றப் பத்திரம் எழுதக் கொடுத்திருக்கிறேன். "இப்ப எதுக்குடா இது?" என்கிறாள். தாமதம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அக்காவோ அண்ணனோ இருக்கக்கூடும். அடுத்த விசேஷத்தில் சால்வை போர்த்துவதற்கு முன்னால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.