முகப்பு மாறட்டும், வாசல் மாற வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். உங்களில் சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலையில் இருக்கிறீர்கள். இணையதளம் செய்வதே சிலருக்குத் தொழில். இது முக்கியமாக அவர்களுக்கு.

ஓர் இணையதளத்தைத் திறந்ததும் முதலில் வருவதை முகப்புப் பக்கம் என்கிறோம். வீட்டுக்குத் திண்ணை எப்படியோ, பள்ளிக்கூடத்துக்கு அறிவிப்புப் பலகை எப்படியோ, அப்படித்தான் அது. வந்தவர் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் இடம். அந்த முகப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு மாறுகிறது. மாறுவது தவறு என்று நான் சொல்லவில்லை. எது மாற வேண்டும், எது மாறக்கூடாது என்பதில்தான் நமக்குத் தெளிவு வேண்டும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. முகப்புக்குச் சண்டை இணையத்தோடு பிறந்ததல்ல. 1878ல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழின் முதல் பக்கத்தில் 1958 வரை விளம்பரங்கள்தான் இருந்தன. செய்தி வேண்டுமென்றால் உள்ளே புரட்ட வேண்டும். 1958ல்தான் செய்தி முதல் பக்கத்துக்கு வந்தது. பணம் கொடுப்பவருக்கு முகப்பா, படிக்க வருபவருக்கு முகப்பா என்ற கேள்வி அன்றே இருந்தது. இன்றும் அதே கேள்விதான்.

1991ல் டிம் பெர்னர்ஸ் லீ உலகுக்குத் திறந்து வைத்த முதல் இணையதளத்தில் படம் கிடையாது, வண்ணம் கிடையாது. எழுத்தும், தொட்டால் வேறு பக்கத்துக்குப் போகும் இணைப்பும் மட்டுமே. அந்தப் பக்கத்தை 2013ல் செர்ன் ஆய்வகம் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. இன்றைய செல்போனில் திறந்தாலும் ஒரு குழந்தைக்கு அதன் அமைப்பு புரிந்துவிடும்.

தமிழுக்கு முகப்பு கிடைத்தது இன்னும் கடினமான கதை. 1995ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ் எழுத்தை இணையப் பக்கத்தில் ஏற்றிக் காட்டினார். அவர் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். நம் இனத்தார் என்று நான் பெருமைப்படுவது அதனால்தான். அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. முகப்பில் முதலில் கண்ணில் படுவது, 'எழுத்துருவைத் தரவிறக்கிக் கொள்ளுங்கள்' என்ற அறிவிப்பு. இறக்காவிட்டால் பக்கம் முழுவதும் புள்ளியும் கொக்கியுமாகத் தெரியும். 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு விசைப்பலகைக்கு ஓர் ஒழுங்கு தந்தது. பிறகு ஒருங்குறி வந்தது. 2010ல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த எழுத்துரு அறிவிப்பு முகப்பிலிருந்து மறைந்த நாள்தான், என்னைக் கேட்டால், தமிழ் இணைய முகப்பு கண்ட மிக நல்ல மாற்றம். எந்த அலங்காரமும் கூடவில்லை. வாசலில் கிடந்த ஒரு பாறாங்கல் நகர்ந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நடுவே 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் தற்கால நூல்கள் வரை தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். அதன் முகப்பு ஒரு நூலகப் பட்டியல் போலத்தான் இருக்கும். பளபளப்பு கிடையாது. உள்ளே எழுத்துக் குறியீடு மாறியது, கோப்பு வகைகள் கூடின. ஆனால் நூல் தேடி வருபவருக்கு நூல் பட்டியல் கிடைக்கும் என்ற ஒப்பந்தம் மாறவில்லை.

2003ல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. அபுதாபியில் இருந்த இலங்கைத் தமிழர் மயூரநாதன் தொடக்கக் காலத்தில் தளத்தின் இடைமுகத்தைத் தமிழாக்கி, நூற்றுக்கணக்கில் கட்டுரைகளும் எழுதி அதற்கு உருவம் கொடுத்தார். அதன் முதற்பக்கத்தில் சிறப்புக் கட்டுரை, உங்களுக்குத் தெரியுமா, செய்திகளில், இன்றைய நாளில் என்று பகுதிகள் வந்தன. நம் பள்ளிக் காலைக் கூட்டத்தில் திருக்குறள், செய்தி வாசிப்பு, பொது அறிவு, பிறந்தநாள் வாழ்த்து என்று ஓர் ஒழுங்கு வைத்திருந்தோமே, அதே முறைதான். உள்ளே வருவது தினமும் புதிது. அது வரும் இடம் பழையது. அதனால்தான் கூட்டம் கலையாமல் நின்றது.

விக்கிப்பீடியாவில் எனக்குப் பிடித்த இன்னொன்று, ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு உண்டு. யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார்கள் என்று பதிவாகியிருக்கும். 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா, 2010ல் வந்த தன் பழைய தோற்றத்தை விட்டுப் புதியதற்கு மாறியது. பழகியவர்களில் பலர் எதிர்த்தார்கள். ஆனாலும் கணக்கு வைத்திருப்பவர் விருப்பத்தேர்வில் போய்ப் பழைய தோற்றத்தையே வைத்துக்கொள்ள வழி விட்டார்கள். மாற்றுவதற்கு இதுதான் நாகரிகமான முறை.

இப்போது நான் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன்.

மங்கலம்பேட்டை போன்ற ஊரில் ஒரு தாய், பிள்ளையின் உதவித்தொகைக்கோ, பட்டா பார்க்கவோ, மின்கட்டணம் கட்டவோ ஒரு தளத்தைத் திறக்கிறார். அவர் அந்தப் பக்கத்தைப் படித்துப் புரிந்துகொண்டு போவதில்லை. 'மேலே வலது பக்கம், பச்சையாக ஒன்று இருக்கும், அதைத் தொடு. கீழே இறங்கினால் மூன்றாவது வரி' என்று மகன் சொல்லிக் கொடுத்ததை இடத்தை வைத்து மனப்பாடம் செய்திருக்கிறார். ஒரு நாள் தளம் 'புதுப்பொலிவு' பெறுகிறது. பச்சை நீலமாகிறது. மூன்றாவது வரி மூன்று கோடுகளுக்குள் ஒளிந்துகொள்கிறது. அந்த மூன்று கோட்டைத் தொட்டால் பட்டியல் விரியும் என்று அவருக்கு யார் சொன்னது? நேற்றுவரை தானே செய்துகொண்டவர், இன்று காசு கொடுத்து இன்னொருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. கடவுச்சொல்லையும் அவரிடமே சொல்லிவிட்டு வருகிறார். அழகுக்காகச் செய்த மாற்றத்துக்கு விலை கொடுப்பவர் அவர்தான்.

ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுத்துக் கூட்டும் முன்பே பக்கத்தில் சொல் இருக்கும் இடத்தை வைத்துப் 'படிக்கும்'. தமிழ்நாடு முழுவதும் செயல்வழிக் கற்றல் வந்தபோது அட்டைகளில் சின்னங்கள் வைத்தார்கள். முயலா, மீனா என்று பார்த்தே குழந்தை தன் அட்டையைத் தானே எடுத்து வரும். டீச்சரைக் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தன்னம்பிக்கைதான் முதல் பாடம். யாராவது நடுவில் சின்னங்களை மாற்றினால், வகுப்பு முழுவதும் மறுபடி டீச்சர் முகத்தைப் பார்த்து நிற்கும்.

பொதுத்தேர்வு முடிவுப் பக்கத்தைப் பாருங்கள். பதிவு எண், பிறந்த தேதி. இரண்டு கட்டம், ஒரு பொத்தான். பதற்றத்தில் கை நடுங்கும் நேரத்திலும் பிள்ளைகள் தடுமாறுவதில்லை. பிரிட்டன் அரசு 2012ல் பல துறைத் தளங்களை ஒன்றாக்கி எளிய எழுத்தும் பட்டியலுமாக ஒரு தளம் தொடங்கியது. மக்கள் என்ன வேலைக்காக வருகிறார்களோ அதிலிருந்து தொடங்கு என்பதுதான் அவர்கள் வகுத்த முதல் விதி. அடுத்த ஆண்டே அதற்கு வடிவமைப்பு விருது கிடைத்தது. படங்கள் ஓடிக்கொண்டே இருக்கும் முகப்பில், நமக்கு வேண்டியது அந்த ஓட்டத்துக்குக் கீழே புதைந்து கிடக்கும் தளங்கள் நம்மிடம் எத்தனை!

இன்னொரு மாற்றம் இதைவிட ஆழமானது. இந்த முகநூலில் 2006 செப்டம்பருக்கு முன்பு, நண்பர் என்ன எழுதினார் என்று பார்க்க அவர் பக்கத்துக்குப் போக வேண்டும். பிறகுதான் எல்லாம் ஒரே ஓடையாக நம் முகப்புக்கே வந்தது. அன்று எதிர்த்தவர்களும் மாணவர்கள்தான். இன்று அந்த ஓடையில் என்ன வர வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை. நான் எழுதும் இந்தப் பதிவு உங்களில் யார் கண்ணில் படும் என்பதுகூட என் கையில் இல்லை. செய்தித் தளங்களும் இப்படியே ஆகிவருகின்றன. டீக்கடையில் கிடக்கும் பேப்பரின் முதல் பக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதைப் பிடிக்காதவரும் அதைப் பற்றித்தான் பேசினார். ஆளுக்கொரு முகப்பு என்றால், ஊர் கூடிப் பேச ஒரு பொதுச் செய்தி எங்கே இருக்கும்?

அப்படியானால் எதையும் மாற்றாமல் வைப்பதா? அதுவும் சரியில்லை. கணினித் திரைக்குச் செய்த பக்கத்தைச் செல்போனில் விரலால் இழுத்து இழுத்துப் படித்த காலம் நினைவிருக்கிறதா? பார்வையற்றோர் ஒலியாகக் கேட்க வழியில்லாத பழைய பக்கங்களை மாற்றித்தான் ஆக வேண்டும்.

சிதம்பரத்தில் வடக்குக் கோபுரம் கிருஷ்ணதேவராயர் காலத்துத் திருப்பணி. கோபுரங்களும் மண்டபங்களும் வெவ்வேறு நூற்றாண்டுகளில் எழுந்தவை. எத்தனை வந்தாலும் கும்பிட வந்தவருக்குச் சிற்றம்பலம் எங்கே என்று குழப்பம் வந்ததில்லை.

இணையதளம் செய்யும் என் மாணவர்களிடம் நான் கேட்பது நான்கே விஷயம். மக்கள் அதிகம் தேடி வரும் வேலை எதுவோ, அதை முகப்பில் அதே இடத்தில் வையுங்கள். தமிழைத் தேடிப் பிடிக்கும் பொத்தானாக வைக்காமல், முதலிலேயே தமிழில் திறக்கச் செய்யுங்கள். மாற்றினால் பழைய தோற்றத்துக்குப் போகும் வழியைச் சில மாதங்களாவது விட்டு வையுங்கள். வெளியிடும் முன் உங்கள் அம்மாவின் கையில் கொடுத்து, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே உங்கள் வேலை இன்னும் முடியவில்லை.

மற்றவர்களிடம் ஒன்று. ஊருக்கு வரும்போது வீட்டுப் பெரியவர்களின் செல்போனை வாங்கி நீங்களே வேலையை முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அரை மணி நேரம் செலவாகும். ஆனாலும் அவர் கையாலேயே செய்ய வையுங்கள்.

மாறுபட்ட கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வகுப்பில் கேள்வி கேட்டவர்களைத்தான் எனக்கு இன்றும் பெயர் சொல்லி நினைவிருக்கிறது.

வாழ்க வளமுடன்.